ஊசி

எங்கள் பாங்க் கிளையில் ஒரு துப்பாக்கி உண்டு. இரட்டைக் குழல், பன்னிரண்டு போர். காலை ஒன்பதே முக்காலுக்கு ஹவில்தார் அதை ஸ்ட்ராங் ரூமிலிருந்து எடுத்து வருவார். மடக்கிக் குழல்கள் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பார். இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடுவார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யார் என்ன சலான் எழுத வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து ஒன்பது வருஷமாகப் பணம் எண்ணுகிறேன். துப்பாக்கி எனக்கு மின்விசிறி, காலண்டர் மாதிரி ஒரு சாமான். அது வெடிக்கும் என்று நான் நினைத்ததில்லை. வெடிக்காது என்றும் நினைத்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தரம் அதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். போன தை மாதம் போனபோது கிளை சார்பாகக் கையெழுத்துப் போட என்னை அனுப்பினார்கள். காலை ஏழு மணி. பனி இன்னும் விலகவில்லை. ஹவில்தார் சக்திமான் தோட்டா இரண்டைப் போட்டார். முதல் விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வேறொன்றும் இல்லை.

நான் பக்கத்தில் போகப் பார்த்தேன். "அங்கேயே நில்லுங்க சார்" என்றார், திரும்பிப் பார்க்காமல். குழலை முன்னால் நீட்டியபடி, அசையாமல், உதடு மட்டும் அசைய, முப்பது வரை எண்ணினார். வெடிக்காத தோட்டா என்று ஒன்று உண்டு. தாமதமாக வெடிக்கிற தோட்டா என்றும் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணி முடிக்கும்வரை துப்பாக்கியைத் திறக்கக் கூடாது. இதை அவர் பிறகு சொன்னார். அந்த முப்பது எண்ணிக்கை நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது என்பதை மட்டும் நான் இங்கே சொல்ல முடியும்.

இரண்டாவது குழல் ஒழுங்காக வெடித்தது. முதல் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பித்தளை அடியின் நடுவில் சிறிய வட்டம். அதுதான் கேப்பு. தீபாவளிக்குப் பையன்கள் வைத்துச் சுடும் பொட்டு கேப்பின் பெரியண்ணன். அதில் ஒரு குழி விழுந்திருக்க வேண்டும். விழுந்திருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தியதுபோல மேலோட்டமாக. வெடித்த தோட்டாவில் குழி ஆழமாக, உருண்டையாக இருந்தது. "ஊசி போயிருக்கு சார். வேகமாப் போகலை" என்றார்.

ஹவில்தார் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவர். செகந்திராபாத்தில் பயிற்சி. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியவர். தன் துப்பாக்கி என்று ஒன்றை அவர் பாங்க்குக்கு வந்த பிறகுதான் தூக்கினார். அன்று சாயந்திரம், கணக்கு முடிந்த பிறகு, பழைய லெட்ஜர் அறையில் செய்தித்தாளை விரித்து, ஸ்ட்ராங் ரூம் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, துப்பாக்கியைப் பிரித்தார். அவர் மனைவியின் ஆபரேஷனுக்காக ஐப்பசியிலிருந்து இரண்டு மாதம் லீவில் இருந்தார். பதிலுக்கு வந்தவர் துப்பாக்கியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறார். எண்ணெய் ஊசி ஓடுகிற துவாரத்துக்குள் இறங்கி, தூசியோடு சேர்ந்து பிசினாகி, மார்கழிக் குளிரில் உறைந்து கிடந்தது. துரு இல்லை, தேய்மானம் இல்லை, உடைசல் இல்லை. அக்கறை மட்டும்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் ருசி தட்டியது அப்போதுதான். விமர்சனம் எழுதுகிறவன் என்ற முறையில் 'ஆயுதம்' என்ற சொல்லை நான் இருபது தடவையாவது எழுதியிருக்கிறேன். கவிதை ஓர் ஆயுதம், மௌனம் ஓர் ஆயுதம், கேலி கூர்மையான ஆயுதம். ஒன்றுகூட ஆயுதத்தின் உள்ளே பார்த்தவன் எழுதிய வாக்கியம் அல்ல. பின்வந்த சாயந்திரங்களில் ஹவில்தாரைக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய வேறொன்றுக்கு இது தேவைப்படுகிறது.

துப்பாக்கியில் மருந்து, குழல், குண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. மூடிய இடத்துக்குள் நெருப்பை எப்படிக் கொண்டுபோவது? முதலில் திரியைக் கொளுத்தினார்கள். பிறகு சிக்கிமுக்கிக் கல். கல்லின் பொறி கிண்ணத்து மருந்தில் பட்டு, அந்தச் சுடர் உள்ளே போவதற்குள் பறவை பறந்துவிடும். ஸ்காட்லாந்தில் பறவை வேட்டையில் பிரியமுள்ள அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஒரு பாதிரியார் இதனால் எரிச்சலடைந்து, தட்டினாலே வெடிக்கும் உப்பு ஒன்றைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்தார். 1807-ல் உரிமம் வாங்கினார். கோடியக்கரையில் உள்ளான் சுட்டவர்களின் நாட்டுத் துப்பாக்கிவரைக்கும் கேப்பு வந்து சேர்ந்தது இந்தப் பாதிரியாரின் எரிச்சலிலிருந்துதான்.

கேப்பு வந்த பிறகு அதைத் தட்ட ஒன்று வேண்டும். பிரஷ்ய ராணுவம் 1841-ல் ஏற்றுக்கொண்ட டிரைசே துப்பாக்கியில் அது நிஜமாகவே ஊசி. கோணியூசி போல நீளமானது. கேப்பைக் காகிதத் தோட்டாவுக்குள்ளே குண்டின் அடியில் வைத்திருந்தார்கள். ஊசி மருந்து முழுவதையும் துளைத்துக்கொண்டு போய் அதைத் தொட வேண்டும். தொட்ட கணத்தில் நெருப்பின் நடுவில் நிற்கும். அதனால் அரித்து உடைந்துபோகும். சிப்பாய்கள் உபரி ஊசிகளைக் கையோடு வைத்திருந்தார்கள். பித்தளைத் தோட்டா வந்து, கேப்பு அதன் அடிப்பாகத்துக்கு வெளியே இடம் மாறிய பிறகுதான் ஊசி நெருப்புக்கு வெளியே வந்தது. குட்டையாயிற்று. முனை மழுங்கி உருண்டையாயிற்று.

முனை கூர்மையாக இருக்கக் கூடாது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூராக இருந்தால் கேப்பைக் குத்திக் கிழித்துவிடும். உள்ளேயிருக்கும் வாயு பின்பக்கமாகச் சுடுகிறவன் முகத்துக்கு வரும். ஊசியின் வேலை குத்துவது அல்ல. நசுக்குவது, அதுவும் வேகமாக. மெதுவாக எவ்வளவு அழுத்தினாலும் கேப்பு பெரும்பாலும் சும்மா இருக்கும். வேகம்தான் அதற்குப் புரியும்.

ஹவில்தாருக்கு மிகவும் பிடித்தது பழைய த்ரீ நாட் த்ரீ. வெகு காலம் இந்தியாவில் போலீஸ் என்றால் அந்த ரைபிள்தான். லீ என்ஃபீல்டு. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் அதைக் கைவிட, மிஞ்சியதெல்லாம் போலீசுக்கும் என்.சி.சி.க்கும் வந்து சேர்ந்தது. அதில் ஊசிக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். போல்ட்டின் உள்ளே நீளவாட்டில் ஓடும். அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங். பின்னால் குதிரைக்கட்டை மறையில் பூட்டியிருக்கும். போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போது கட்டை விசையில் மாட்டிப் பின்னாலேயே நின்றுவிட, ஸ்பிரிங் அமுங்குகிறது. விசையை இழுத்தால் எல்லாம் ஒரேயடியாக முன்னால் பாய்கிறது. போல்ட்டின் முகத்திலிருந்து ஊசி வெளியே நீட்டுவது சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை. அது குறைந்தால் வெடிக்காது. கூடினால் கேப்பு கிழியும். ஆர்மரர் கையில் இதற்கென்று ஒரு தகடு இருக்கும். அதில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் முனை இடிக்க வேண்டும், அல்லது இடிக்காமல் போக வேண்டும். "மனுஷன் அபிப்பிராயத்துக்கு அதுல இடமே கிடையாது சார்" என்றார். விமர்சகனிடம் சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல இது. ஆனால் அவருக்கு நான் விமர்சகன் என்பது தெரியாது.

பராமரிப்பு பற்றி அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, உப்பு. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்த பிறகு குழலுக்குள் ஒருவித உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரே ராத்திரியில் துரு. எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். அதனால் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் புனல் வைத்துக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றினார்கள். இரும்புக்குத் துரு வராமலிருக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை ரெக்ரூட்டுகள் லேசில் நம்ப மாட்டார்களாம். நாகப்பட்டினத்தில் சுடாமலே உப்பு படியும். எங்கள் கிளையின் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும்.

இரண்டாவது, ஊசிக்கு எண்ணெய் வேண்டாம். குழலுக்கு எண்ணெய் போடு, மரத்துக்கு எண்ணெய் போடு. ஊசியை மட்டும் துடைத்து உலர்த்தி வை. எண்ணெய் போட்டாக வேண்டுமென்றால் விரலில் தொட்டு, அந்த விரலைத் துணியில் துடைத்துவிட்டு, பிறகு தடவு.

எனக்கும் த்ரீ நாட் த்ரீ பழக்கம்தான். பி.ஏ. இங்கிலீஷ் படிக்கும்போது என்.சி.சி.யில் மூன்று வருஷம் அதைத் தோளில் சுமந்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், மைதானத்தில், இந்தி உத்தரவுகளுக்கு. சாவ்தான், விஷ்ராம், சலாமி சஸ்த்ர. பாதி வார்த்தைகளுக்கு எங்களுக்கு அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உடம்பு புரிந்துகொண்டது. அந்த ரைபிள்களின் மேல் டி.பி. என்ற எழுத்து வெட்டியிருக்கும். அணிவகுப்புக்கு மட்டும் என்று அர்த்தம். குழலில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஊசியின் முனையை வெட்டிவிட்டு, போல்ட் முகத்தின் துவாரத்தை அடைத்திருந்தார்கள். எடை குறையவில்லை. போல்ட் இழுத்தால் அதே சத்தம். விசையை இழுத்தால் அதே 'டிக்'. வெளியே நிற்கிறவனுக்கு அது ரைபிள்தான். நான் அதைத் தூக்கிக்கொண்டு சுதந்திர தினத்தன்று நடந்தபோது அம்மா அழுதாள்.

2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் உடலுக்கு அவருடைய சொந்த ஊரான பலுவாவில் அரசு மரியாதை நடந்தது. இருபத்திரண்டு போலீஸ்காரர்கள் ரைபிளை வானத்துக்கு நீட்டி விசையை இழுத்தார்கள். இருபத்திரண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. முதலமைச்சர் உட்பட எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வீடியோவை ஹவில்தாருக்குக் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு போனா ஊசி. மொத்தமும் போனா தோட்டா. இல்லைன்னா ஆபீஸ்" என்றார். உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஒரு ரைபிள் ஓய்வு பெறுவதற்கு அணிவகுப்பு.

இஷாப்பூரில் இதே ரைபிளை வேறு விதமாகவும் மாற்றினார்கள். குழலைக் கடைந்து முறுக்கு வரிகளை எடுத்துவிட்டு, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி ஆக்கினார்கள். ஃபோர் டென் மஸ்கட் என்று பெயர். போலீசுக்கும் காவல்காரர்களுக்கும் அதுதான். 1857-க்குப் பிறகு இந்திய சிப்பாய்களுக்குக் குழல் வழவழப்பான துப்பாக்கிகளைக் கொடுத்த அதே யோசனையின் தொடர்ச்சி இது என்று எனக்குப் படுகிறது. கையில் ஆயுதம் இருக்க வேண்டும். அது அதிக தூரம் போகக் கூடாது. ஆனால் இத்தனை மாற்றத்திலும் ஊசியில் அவர்கள் கை வைக்கவில்லை. தூரத்தில் இருப்பவனுக்குத்தான் வித்தியாசம். பக்கத்தில் இருப்பவனுக்கு இல்லை.

இனி நான் சொல்ல வந்தது.

என் அம்மாவின் அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் மூன்று வேலி நிலம் வைத்திருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். பெரிய மிராசு அல்ல. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்னிரண்டு போர், இரட்டைக் குழல், வெளியே தெரிகிற மாதிரி இரண்டு குதிரைகள் வைத்தது. தாத்தா இறந்தபோது எனக்கு ஆறு வயது. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் மாமா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அது திரும்ப வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஒரு சின்ன பாகம் மட்டும் வீட்டில் தங்கிப்போயிற்று. பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில், பாக்குவெட்டிக்குக் கீழே, சிவப்புத் துணியில் முடிந்து கிடந்தது. சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு இரும்பு முள். நாங்கள் பேரப் பிள்ளைகள் எடுத்து விளையாடினால் பிடுங்கிக்கொள்வாள். "அது தாத்தா துப்பாக்கியோட உசிரு" என்பாள்.

அதன் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 1968-ல், கூலித் தகராறு முற்றிக்கொண்டிருந்த நாட்களில், தாத்தா நிலக்காரர்கள் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாட்டிக்குப் பயம். ஒரு நாள் அவர் களத்துக்குப் போயிருந்தபோது திருப்புளியால் திருகி ஊசியைக் கழற்றி எடுத்துச் செல்லத்தில் ஒளித்துவிட்டாள். அந்த வருஷம் டிசம்பர் 25-ம் தேதி ராத்திரி கீழ்வெண்மணியில் அது நடந்தது. துப்பாக்கிகளோடு ஆட்கள் போனார்கள். ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்துபோனார்கள். பாட்டி சொல்வாள்: "அன்னிக்கு ராத்திரி தாத்தா வாசப்படி தாண்டலை. தாண்டியிருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்? உசிரு எங்கிட்டல்ல இருந்துச்சு."

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததில் எனக்குப் பெருமை இருந்தது. பாட்டி மேல் பெருமை. ஊரெல்லாம் கலங்கி நின்ற நேரத்தில் ஒரு பெண் ஒரு திருப்புளியோடு தன் மட்டில் செய்த காரியம். இலக்கியத்தில் வந்தால் நான் பாராட்டியிருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெண்மணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இதைப் படிக்கிறவர்களில் பலர் அதையும் படித்திருப்பீர்கள். ஞானக்கூத்தனின் சிறிய கவிதை, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' மூன்றையும் வைத்துக்கொண்டு, யார் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று விசாரித்திருந்தேன். 'குருதிப்புனல்' கொலைக்கான காரணத்தைத் தனி மனிதனின் அந்தரங்கத்தில் தேடுவதைக் கண்டித்திருந்தேன். கண்டனம் சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்று அதில் ஒரு வரி இல்லை. 'நாம்' என்று எழுதியிருந்தேன். நாம் இழந்தோம், நாம் மறந்தோம், நம் மனசாட்சி.

பாட்டி இறந்த பிறகு செல்லம் என்னிடம் வந்தது. ஹவில்தார் ஊசி பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு அந்தச் சிவப்புத் துணி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். கதையையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், அவர் மெச்சுவார் என்று நினைத்தேன்.

அவர் அதைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்து வெகு நேரம் பார்த்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டுவது போன்ற சின்ன லென்ஸ் ஒன்று அவரிடம் உண்டு.

"இது கழட்டினது இல்லை சார்" என்றார். "உடைஞ்சு மாத்தினது."

முனையைக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டிய இடம் பிய்ந்த கரும்பு போல மினுங்கலும் சொரசொரப்புமாக இருந்தது. நான் அதைத்தான் முனை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஊசி சும்மா உடையாது என்றார். நிறையச் சுட்டிருக்க வேண்டும், அல்லது தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து இழுத்துப் பழகியிருக்க வேண்டும். உடைந்த பிறகு துப்பாக்கி ரிப்பேர்க்காரனிடம் கொண்டுபோனால் புது ஊசி கடைந்து போட்டுவிட்டுப் பழையதைக் கையில் கொடுப்பான். போட்டது என்பதற்கு அத்தாட்சியாக. இப்போதும் அதுதான் வழக்கம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்த முள்ளைத் துணியில் வைத்து முடிந்துகொண்டே, சாதாரணமாக, ரிப்பேருக்கு வந்த சாமானைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்:

"ரெட்டைக் குழலுன்னீங்களே சார். இன்னொண்ணு எங்க?"

இரண்டு குழல் என்றால் இரண்டு குதிரை, இரண்டு ஊசி. இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. முப்பது வருஷமாக அந்தக் கதையை நான் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். காலேஜில் ஒரு காதலியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பிரதியை வரி வரியாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கினவன் நான்.

பிறகு வரி வரியாகத்தான் படித்தேன். 'தாத்தா வாசப்படி தாண்டலை.' இது ஒரு வாக்கியம். 'தாண்டியிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.' இது இன்னொரு வாக்கியம். முதலாவது உண்மையானால் இரண்டாவதுக்கு அவசியமே இல்லை. இரண்டாவதைச் சொல்கிறவள் முதலாவதை நம்பவில்லை. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள நிலக்காரர்கள், வேலையாட்களை அனுப்பாமல், தாங்களே நேரில் போயிருப்பார்கள் என்பது நம்ப முடியாததாக இருக்கிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு இருந்தது. அந்த வாதத்தை என் கட்டுரையில் நான் கேலி செய்திருந்தேன். எங்கள் வீட்டு வெற்றிலைச் செல்லத்தில் அதைவிடச் சின்ன வாதம் ஒன்று, துணியில் முடிந்து, இருந்திருக்கிறது.

தாத்தா அன்றைக்குப் போனாரா? ஊசியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அது எந்த வருஷம் உடைந்தது என்று எந்த லென்ஸும் காட்டாது. கொக்கு சுட்டு உடைந்திருக்கலாம். வழக்கில் அவர் பெயர் இல்லை. போகாமலே இருந்திருக்கலாம். பாட்டி பொய் சொன்னாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒரு வருஷம் ரிப்பேர்க்காரன் கொடுத்த உடைந்த முள்ளை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு நாள், தான் செய்திருக்க வேண்டிய காரியம் எது என்று யோசித்து, அதைச் செய்ததாகவே நம்பத் தொடங்கியிருக்கலாம். அவள் அதற்குத் தினமும் எண்ணெய் போட்டாள். நாங்களும் போட்டோம்.

அம்மாவிடம் கேட்டேன். அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு ஊசி எங்கேம்மா?" முறத்தை ஒரு தரம் புடைத்தாள். "இப்ப எதுக்குடா அதெல்லாம்" என்றாள். சிறிது நேரம் கழித்து, நான் எழுந்திருக்கும்போது, "அப்பா ராத்திரில ரொம்ப நாள் தூங்க மாட்டாங்க" என்றாள். எந்த வருஷத்திலிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஜில்லாவில் டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் துக்க நாள்கள். 2004-ல் கடல் உள்ளே வந்தது 26. அதற்கு ஊரே போகும். கடல் மேல் யாருக்கும் உறவு கிடையாது. 25-ம் தேதி வெண்மணியில் ஸ்தூபிக்கு முன்னால் வருஷா வருஷம் கூட்டம் நடக்கிறது. மூன்று தடவை போயிருக்கிறேன், இலக்கியக்காரனாக. என் தாத்தாவின் ஊரிலிருந்து அங்கே சைக்கிளில் போய்விடலாம். அதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பாங்க் துப்பாக்கி இப்போது சரியாக இருக்கிறது. ஊசியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் போட்டார் ஹவில்தார். மறுபடி சுட்டுப் பார்த்தபோது இரண்டு கேப்பிலும் ஒரே ஆழத்தில் குழி. சிவப்புத் துணி முடிச்சைத் திருப்பித் தரும்போது ஒன்று சொன்னார்: "இதையும் வச்சிருக்கக் கூடாது சார். சட்டப்படி பாகமும் ஆயுதம்தான்." விசாரித்தேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உடைந்த முள்ளுக்கு அது பொருந்துமா என்று ஸ்டேஷனில் கேட்டால் சிரிப்பார்கள். கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அதற்கு முன் செய்ய வேண்டியது இது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த என் கட்டுரைக்கு ஒரு பிழை திருத்தம். பத்திரிகையை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷில் ஒரே சொல்லாக இருப்பது இங்கே இரண்டு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. அவனை வெளியே நிறுத்துவது ஒன்று. பி.ஏ. இங்கிலீஷ் படித்ததால் எனக்கு அந்த வித்தியாசம் மறந்துவிட்டது என்று சமாதானம் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுரையில் 'நாம்' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'நாங்கள்' என்று திருத்திப் படிக்கவும்.